கண்ணாடிக் கலைக்கு ஒரு சிறிய வேகச் சூளை: 14 மாதப் பயன்பாட்டுக்குப் பின்

வில்லிவாக்கத்தில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் ஒரு தகரக் கொட்டகை இருக்கிறது. அதில்தான் கண்ணாடித் துண்டுகளை உருக்கி ஒட்டிப் பதக்கங்களும் காதணிகளும் உள்ளங்கையில் அடங்கும் கிண்ணங்களும் செய்து வருகிறேன். இந்த வேலைக்கென்று அம்பத்தூர் தொழிற்பேட்டைப் பட்டறை ஒன்றில் சொல்லிச் செய்து வாங்கிய சிறிய மின்சூளையைப் பற்றியே இங்கு எழுதுகிறேன். உட்புறம் 25 சென்டிமீட்டர் சதுரம், 15 சென்டிமீட்டர் உயரம், 2.4 கிலோவாட், சிங்கிள் ஃபேஸ் மின்சாரம், மேலிருந்து திறக்கும் மூடி. சென்ற ஆண்டு ஆடி மாதத்தில் வந்திறங்கியது. பதிவேட்டின்படி இதுவரை 212 முறை சூளை போட்டிருக்கிறேன். இதற்கு முன் வாங்கி ஏமாந்த ஒன்றும், வாங்கலாமா என்று யோசித்துக் கைவிட்ட இரண்டும் உண்டு. அவற்றையும் சொன்னால்தான் இதை ஏன் தேர்ந்தெடுத்தேன் என்பது விளங்கும்.

சிறிய கண்ணாடி வேலைக்கு வேகமான சூளை தேவைப்படுவதற்கு முதல் காரணம் வருமானம்தான். மண்பாண்டச் சூளையைக் காலையில் ஏற்றினால் மறுநாள்தான் திறக்க முடியும். ஒரு ஜோடி காதணிக்கு அப்படிக் காத்திருந்தால் கட்டுப்படியாகாது. அதைவிட முக்கியமான இன்னொரு காரணமும் உண்டு. கண்ணாடி ஏறத்தாழ 700 முதல் 760 டிகிரி செல்சியஸ் வரையுள்ள சூட்டில் நெடுநேரம் தங்கினால், அதன் மேற்பரப்பில் நுண்ணிய படிகங்கள் தோன்றி, பளபளப்பு போய், ஆறிய பாலில் ஆடை படிந்ததுபோல் மங்கிவிடும். ஜன்னல் கண்ணாடியில் இந்தக் கோளாறு மிக எளிதில் வரும். ஆகவே அந்தப் பகுதியை விரைவாகக் கடந்து, உருகும் சூட்டில் வேண்டிய 10 நிமிடமோ 15 நிமிடமோ நிறுத்திவிட்டு, அதே விரைவில் கீழே இறங்கிவிட வேண்டும். கனத்த செங்கல் சுவர் கொண்ட சூளைகள் இதில் திணறும். செராமிக் ஃபைபர் என்னும், சூட்டைத் தாங்கும் இலேசான நார்ப் பொருளால் உள்சுவர் அமைத்த சிறு சூளைகள் இதை அனாயாசமாகச் செய்யும்.

ஆனால், விற்பவர் வேகம் என்று சொல்வது ஏறும் வேகத்தை மட்டுமே. கண்ணாடியோ இறங்கும்போதுதான் நம்மைச் சோதிக்கும். உருகிய கண்ணாடி ஆறும்போது வெளிப்புறம் முதலில் இறுகிவிடும். உள்ளே இன்னும் சூடாக இருக்கும் பகுதி பிறகு சுருங்க முயன்று, சுருங்க இடமில்லாமல் இழுபட்டுக்கொண்டே நிற்கும். இந்த இழுவிசை உள்ளே பூட்டப்பட்டுவிட்டால், சூளையிலிருந்து எடுக்கும்போது முழுதாக இருந்த கிண்ணம் பத்து நாள் கழித்து அலமாரியில் தானாக விரிசல் விடும். அதைத் தவிர்க்கத்தான் அந்தந்தக் கண்ணாடிக்கு உரிய சூட்டில் சற்று நேரம் நிறுத்தி, பிறகு மெல்ல மெல்ல ஆற்றுகிறோம். இதை அனீலிங் என்கிறோம். 90 வகை எனப்படும் அமெரிக்கப் புல்ஸ்ஐ கண்ணாடிக்கு அந்த நிறுத்தச் சூடு 482 டிகிரி. 96 வகைக் கண்ணாடிக்கு 510 டிகிரி. நம் ஊர் ஜன்னல் கண்ணாடிக்கு 550 டிகிரிக்கு அருகில். கனம் கூடக் கூடப் பொறுமையும் கூட வேண்டும். புல்ஸ்ஐ நிறுவனத்தின் அட்டவணைப்படி, 12 மில்லிமீட்டர் கனமுள்ள கண்ணாடியை 482 டிகிரியில் 2 மணி நேரம் நிறுத்தி, 427 டிகிரி வரை மணிக்கு 55 டிகிரி வீதம் இறக்க வேண்டும். 19 மில்லிமீட்டர் என்றால் நிறுத்தம் 3 மணி நேரம், இறக்கம் மணிக்கு 25 டிகிரி மட்டுமே. காயிலை, அதாவது சூடேற்றும் மின்கம்பிச் சுருளைக் கூட்டிவிட்டால் எந்தச் சூளையும் வேகமாக ஏறிவிடும். வேகமாகவும் ஏறி, சொன்னபடி மெதுவாகவும் இறங்கும் சூளையைத் தேடித்தான் நான் இரண்டு ஆண்டுகள் அலைந்தேன்.

முதலில் வாங்கியது பாரிமுனைப் பக்கம் ஆய்வகக் கருவிகள் விற்கும் ஒரு கடையில் கிடைத்த மஃபில் ஃபர்னஸ். 6 அங்குல அகலம், 6 அங்குல உயரம், 12 அங்குல ஆழம் என்பது இவற்றில் பரவலாகக் கிடைக்கும் அளவு. 27,000 ரூபாய் கொடுத்தேன். கண்ணாடி வேலைக்கு ஆகுமா என்று கேட்டதற்கு, ஆயிரம் டிகிரி வரை போகும், தாராளமாக ஆகும் என்றார்கள். போனது என்னவோ உண்மைதான். ஆனால் நிலக்கரிச் சாம்பலையும் சிமென்ட்டையும் சோதிப்பதற்கென்று அமைந்த கருவி அது. ஒரு சூட்டைக் குறித்துவிட்டால் அங்கே போய் நிற்கும், அவ்வளவுதான். மணிக்கு இத்தனை டிகிரி ஏறு, இங்கே இத்தனை நிமிடம் நில், பிறகு இந்த வேகத்தில் இறங்கு என்று அதற்குச் சொல்ல வழியில்லை. காயில் பக்கச் சுவர்களைச் சுற்றி ஓடியதால், தட்டையான கண்ணாடியின் ஓரங்கள் முதலில் காய்ந்தன, நடுப்பகுதி பின்தங்கியது. கதவை ஒட்டிய முன்பக்கம் எப்போதும் குளிர்ந்தே இருந்தது; பின்வரிசைப் பதக்கங்கள் வழுவழுவென்று உருண்டு வரும்போது முன்வரிசையில் வெட்டிய முனைகள் கையைக் கிழிக்கும் கூர்மையோடு அப்படியே இருக்கும்.

அதில் வைத்த முதல் தட்டு இரண்டாகப் பிளந்தது. பிளந்த விளிம்பில் விரலை ஓட்டிப் பார்த்தேன். விளிம்பு மழுங்கி, உருண்டையாக, வழுக்கிக்கொண்டு போனது. அப்படி இருந்தால் அது ஏறும்போதே வெடித்து, பிறகு உருகும் சூட்டில் அந்த வெட்டுவாய் மழுங்கியிருக்கிறது என்று பொருள். இரண்டாவது தட்டின் விரிசல் கத்தி போல் கூராக இருந்தது. அது ஆறும்போது விட்ட விரிசல். இரண்டே தட்டுகளில், ஏறுவது இறங்குவது இரண்டுமே சரியில்லை என்று அந்த உலை எனக்குப் பாடம் எடுத்துவிட்டது. அதை ஒரு கல்லூரி ஆய்வகத்துக்குப் பாதி விலைக்குக் கொடுத்தேன். அவர்கள் வேலைக்கு அது நன்றாகவே உழைக்கிறதாம்.

மைக்ரோவேவ் அடுப்பில் வைக்கும் குட்டிச் சூளையைப் பற்றி ஓரிரு வரிகள் போதும். வட்டமான ஃபைபர் குடுவையின் உட்புறத்தில் சிலிக்கன் கார்பைடு பூசியிருப்பார்கள். அந்தப் பூச்சு நுண்ணலையை உறிஞ்சிச் சூடாகி, மூன்று நான்கு நிமிடங்களிலேயே கண்ணாடியை உருக்கிவிடும். சூட்டை அளக்க வழியில்லை; மூடியின் துளை வழியே தெரியும் ஒளியின் நிறத்தைப் பார்த்து ஊகிக்க வேண்டியதுதான். வெளியே எடுத்து, திறக்காமல் ஒரு மணி நேரம் விட்டுவைப்பதுதான் அதற்கு அனீலிங். ஒற்றைப் பதக்கம் செய்து பார்க்கும் ஆசை உள்ளவர்களுக்கு அது சரி. அதற்கென்று ஒரு பழைய அடுப்பை ஒதுக்கிவிட வேண்டும். சமைக்கும் அடுப்பில் வைக்கக் கூடாது.

வெளிநாட்டுச் சிறு சூளைகள் உண்மையில் நல்லவை. பாராகான், ஸ்கட் போன்ற அமெரிக்க நிறுவனங்கள் கண்ணாடிக்கென்றே வடிவமைக்கின்றன. சூட்டையும் நேரத்தையும் நடத்தும் கன்ட்ரோலரில் கண்ணாடிக்கான புரோகிராம்கள் முன்பே பதிந்திருக்கும். ஆனால் அந்த நாட்டுச் சிறிய சூளைகளில் பல 120 வோல்ட்டுக்குச் செய்யப்படுபவை. மின்னழுத்தம் இரண்டு மடங்கானால் காயில் இழுக்கும் திறன் நான்கு மடங்காகும். ஆகவே அதை நம் 230 வோல்ட்டில் நேரே செருகினால் சில நிமிடங்களில் காயில் போய்விடும். 240 வோல்ட் வகை கிடைக்குமா என்று கேட்டு வாங்க வேண்டும், இல்லையென்றால் 2 கிலோவோல்ட் ஆம்பியருக்குக் குறையாத ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் ஒன்றைக் கூடவே வைத்துக்கொள்ள வேண்டும். இன்னொன்று: பாராகான் எஸ்சி-2 போன்ற ஃபைபர் சூளைகளில் காயில் அந்த ஃபைபர் அறைக்குள்ளேயே பதிந்திருக்கும். காயில் போனால் அறை முழுவதையும் மாற்ற வேண்டும். அந்த அறை கடல் கடந்து வர வேண்டும். விலையைவிட இந்தக் காத்திருப்புதான் என்னைப் பின்வாங்க வைத்தது. சேமிப்பும் பொறுமையும் உள்ளவர்கள் தயங்காமல் அதை வாங்கலாம்.

இனி அம்பத்தூர்ச் சூளை. அந்தப் பட்டறையில் பெரும்பாலும் பல் மருத்துவ ஆய்வகங்களுக்கும் நகை வார்ப்பவர்களுக்கும் உலை செய்கிறார்கள். நான் போனபோது மாதிரிக்கு ஒரு ஃபைபர் சூளை தயாராக இருந்தது. உரிமையாளர் அதைக் காட்டி, "அரை மணி நேரத்துல எண்ணூறு அடிக்கும் சார்" என்றார். "அது சரிண்ணே, ஆறுறதுக்கு எவ்வளவு நேரம் ஆகும்?" என்று கேட்டேன். அவர் சிரித்துவிட்டார். "இத்தன வருஷத்துல யாரும் அதக் கேட்டதில்ல சார். எல்லாரும் சீக்கிரம் ஆறணும்னுதான் கேப்பாங்க."

அங்கேயே ஒரு சோதனை செய்து பார்க்கச் சம்மதித்தார். சூளையை 520 டிகிரிக்கு ஏற்றி, அரை மணி நேரம் அங்கேயே நிறுத்தி, பிறகு மெயினை அணைத்துவிட்டு, 370 டிகிரிக்கு இறங்க எவ்வளவு நேரம் ஆகிறது என்று கைப்பேசியில் குறித்தோம். 24 நிமிடம். அதாவது மணிக்கு 375 டிகிரி. சென்னையில் இந்த எண்ணுக்கு ஒரு தனி முக்கியத்துவம் உண்டு. மின்சாரம் இருக்கும்வரை கன்ட்ரோலர் இடையிடையே காயிலை எரியவிட்டு இறக்கத்தைத் தாமதப்படுத்தும். மின்சாரம் போய்விட்டால் சுவர்களில் தேங்கிய வெப்பம் மட்டும்தான் கண்ணாடிக்குக் காவல். வீட்டு இன்வெர்ட்டரும் உதவாது. அனீலிங் நேரத்தில் சராசரியாகச் செலவாவது சில நூறு வாட்தான் என்றாலும், காயில் எரியும் ஒவ்வொரு கணமும் அது முழு 2.4 கிலோவாட்டையும் கேட்கும்.

ஆகவே மூன்று மாற்றங்களைச் சொல்லிச் செய்யச் சொன்னேன். தரை முழுவதும் ஃபைபருக்குப் பதிலாக இரண்டரை அங்குல இன்சுலேஷன் செங்கல். சுவர்களில் ஃபைபர் போர்டுக்குப் பின்னால் இன்னும் ஓர் அங்குல ஃபைபர் கம்பளம். காயில் சுவர்களில் இல்லாமல் மூடியில், குவார்ட்ஸ் குழாய்களுக்குள். கடைசியாகச் சொன்னது தட்டையான கண்ணாடி முழுவதும் ஒரே சீராக மேலிருந்து காய்வதற்காக. மாற்றங்களுக்கு 4,500 ரூபாய் சேர்த்து, கன்ட்ரோலருடன் மொத்தம் 62,500 ரூபாய் ஆனது. ஆறு வாரத்தில் தருகிறேன் என்றார். பதினொரு வாரம் ஆயிற்று.

வீட்டுக்கு வந்ததும் அதே சோதனையை மீண்டும் செய்தேன். 520 டிகிரியிலிருந்து 370 டிகிரிக்கு இறங்க 85 நிமிடம் பிடித்தது. ஏறும் வேகத்தில் நான் இழந்தது மிகக் குறைவு: சரியான மின்னழுத்தத்தில் 38 நிமிடத்தில் 800 டிகிரியைத் தொடுகிறது. உச்சச் சூட்டில் கண்ணாடி உருகிய பிறகு விரைந்து இறக்க வேண்டிய கட்டத்தில், மூடியை இரண்டு விரல் அளவு தூக்கி ஒரு நிமிடம் பிடித்து மூடுவதை மூன்று நான்கு முறை செய்தால், 560 டிகிரிக்கு வந்துவிடுகிறது. மூடியைத் தூக்கியவுடன் காயிலுக்கு மின்சாரம் அறுந்துவிடும்படி ஒரு லிமிட் ஸ்விட்ச் வைத்திருக்கிறார்கள். இதைக் கேட்காமல் எந்த மேல்மூடிச் சூளையையும் வாங்கக் கூடாது. சிவந்த காயிலில் 230 வோல்ட் ஓடும்போது அதன் கீழே கையை நீட்டுவது என்ன விபரீதம் என்று விளக்க வேண்டியதில்லை.

சூடு எல்லா இடத்திலும் ஒன்றாக இருக்கிறதா என்பதை அறிய, ஃப்ரேம் கடையில் மிஞ்சிய 3 மில்லிமீட்டர் ஜன்னல் கண்ணாடியை ஒன்பது ஒரே அளவுச் சதுரங்களாக வெட்டி, மூன்றுக்கு மூன்றாகப் பரப்பி, 780 டிகிரியில் 10 நிமிடம் வைத்து எடுத்தேன். நடுவில் இருந்த ஐந்தும் விளிம்பு உருண்டு, ஒன்றுபோல் மினுங்கின. மூலையில் இருந்த நான்கில், பின்பக்கத்து இரண்டு ஏறக்குறைய அதே நிலையில் இருந்தன. முன்பக்கத்து இரண்டின் வெளிமுனைகள் மட்டும் நகத்தை உரசினால் பிடிக்கும் அளவுக்குக் கூராக நின்றன. மூடி முழுமையாக உட்காராமல் முன்பக்கம் ஒரு தாளின் கனத்துக்கு இடைவெளி இருந்ததே காரணம். கீலைச் சரிசெய்த பிறகும் முன்மூலைகள் முழுமையாகத் திருந்தவில்லை. 25 சென்டிமீட்டர் என்று வாங்கினாலும், நம்பி வேலை செய்யக்கூடிய இடம் நடுவில் 20 சென்டிமீட்டர்தான் என்று கணக்கு வைத்துக்கொண்டேன். மற்றபடி, கன்ட்ரோலர் காட்டும் எண், தெர்மோகப்பிள் என்னும் வெப்ப உணரியின் முனை உணரும் சூடுதானே தவிர, கண்ணாடியின் சூடு அன்று. ஒவ்வொரு சூளைக்கும் அந்த வேறுபாட்டை இப்படிப்பட்ட ஒரு சோதனையால்தான் கண்டுகொள்ள முடியும். என் சூளையில் அது சுமார் 12 டிகிரி.

அனீலிங் சரியாக நடந்திருக்கிறதா என்று பார்க்கவும் செலவில்லாத ஒரு வழி உண்டு. எல்.சி.டி. திரையிலிருந்து வரும் ஒளி துருவப்படுத்தப்பட்ட ஒளி, அதாவது ஒரே திசையில் மட்டும் அதிரும் ஒளி. மடிக்கணினியில் வெள்ளைத் திரையை வைத்து, அதன் முன் கண்ணாடியைப் பிடித்து, பழைய திரையிலிருந்து உரித்த, அப்படி ஒரு திசை ஒளியை மட்டும் விடும் போலரைசர் தாள் வழியே பார்க்க வேண்டும். ரிச்சி தெருவில் திரை பழுதுபார்ப்பவரிடம் கேட்டால் அந்தத் தாளைச் சும்மாவே கொடுத்துவிடுவார். தாளைத் திருப்பித் திருப்பித் திரை இருண்டு போகும் நிலையில் நிறுத்தினால், நன்கு ஆறிய கண்ணாடியும் இருண்டே இருக்கும். உள்ளே இழுவிசை தேங்கிய இடங்கள் மட்டும் வெளிறிய ஒளியாகத் தெரியும். பழைய உலையில் செய்த பதக்கங்களை இப்படிப் பார்த்தபோது ஓரங்களில் பேய்போல் வெளிச்சம் நின்றது. இந்தச் சூளையில் இடையில் மின்சாரம் போகாமல் முடிந்தவற்றில் அப்படி ஒன்றைக்கூட இதுவரை காணவில்லை. ஒளி ஊடுருவாத வண்ணக் கண்ணாடிக்கு இந்தச் சோதனை பயன்படாது.

இடையில் மின்சாரம் போய் முடிந்தவை மொத்தம் ஒன்பது. அவற்றில் ஆறு வெறும் பதக்கங்கள். அவற்றுக்கு ஒன்றும் ஆகவில்லை. இரண்டு முறை 6 மில்லிமீட்டர் கிண்ணங்கள் இருந்தன; போலரைசரில் லேசான ஒளி தெரிந்ததால் மீண்டும் சூளையில் வைத்து அனீலிங் செய்துகொண்டேன். ஒரு முறை 12 மில்லிமீட்டர் கனத்தில் வார்த்த பட்டை 460 டிகிரியில் இருக்கும்போது மின்சாரம் போய், இரண்டு மணி நேரம் கழித்துத்தான் வந்தது. காலையில் திறந்தபோது நடுவே ஒரு கோடு. மின்சாரம் இல்லாதபோது இந்தச் சூளை 85 நிமிடத்தில் 150 டிகிரி, அதாவது மணிக்கு 106 டிகிரி இறங்குகிறது; அது அந்தக் கனத்துக்கு இரட்டிப்பு வேகம். ஆகவே சூளையைக் குறை சொல்ல முடியாது. கனமான வேலை செய்பவர்கள் வேகச் சூளையை நாடாமல் முழுச் செங்கல் சூளையை வாங்குவதே சரி என்பது அன்று உறுதியாயிற்று.

மின்சாரம் திரும்பும்போது கன்ட்ரோலர் என்ன செய்யும் என்பதையும் வாங்குவதற்கு முன்பே கேட்க வேண்டும். சில மலிவான கன்ட்ரோலர்கள் புரோகிராமை முதல் படியிலிருந்து மீண்டும் தொடங்கிவிடும். அதாவது ஆறிக்கொண்டிருக்கும் கிண்ணத்தை மறுபடியும் 800 டிகிரிக்குக் கொண்டுபோய்த் தட்டையாக்கிவிடும். விட்ட இடத்திலிருந்து தொடரும் வசதியும், குறித்த சூட்டை அறை எட்டும்வரை கடிகாரத்தை நிறுத்திவைக்கும் வசதியும் இருக்க வேண்டும். இந்தக் காத்திருக்கும் வசதி குறைந்த மின்னழுத்தத்திலும் கைகொடுக்கிறது. சித்திரை, வைகாசி மாலைகளில் தெரு முழுக்க ஏ.சி. ஓடும்போது எங்கள் வீட்டில் 190 வோல்ட் வரை இறங்கியதைப் பார்த்திருக்கிறேன். என் காயிலின் மின்தடை 22 ஓம். 230 வோல்ட்டில் 2,400 வாட் தரும் அதே காயில் 190 வோல்ட்டில் 1,640 வாட் மட்டுமே தரும். 38 நிமிடம் 65 நிமிடமாக நீண்டுவிடும். ஜன்னல் கண்ணாடி மங்கிப்போவது பெரும்பாலும் அந்த நாட்களில்தான். இப்போதெல்லாம் கோடையில் விடியற்காலை நான்கு மணிக்கே சூளையை ஏற்றிவிடுகிறேன்.

குறைகளில் பெரியது, நான்காம் மாதத்தில் நடந்தது. காயிலுக்கு மின்சாரத்தை விட்டுவிட்டுத் தரும் சாலிட் ஸ்டேட் ரிலே ஒரு மாலை பழுதானது. இந்த வகை ரிலே பழுதானால் பெரும்பாலும் திறந்துகொள்ளாமல் மூடிய நிலையிலேயே சிக்கிக்கொள்ளும். கன்ட்ரோலர் நிறுத்து என்று சொன்னாலும் காயில் எரிந்துகொண்டே இருக்கும். நான் கீழே சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். மேலே வந்து பார்த்தபோது மூடியின் விளிம்பில் வழக்கமான செம்மைக்குப் பதிலாக மஞ்சள் கலந்த ஒளி கசிந்தது, திரையில் 934. பதினாறு காதணிகளும் ஒரே குட்டையாக ஓடிப்போய், ஒட்டாமலிருக்கப் பூசும் வெண்பூச்சைத் தாண்டி, அவற்றை வைத்திருந்த சூளைப் பலகையில் பற்றிக்கொண்டிருந்தன. பலகை போயிற்று, செங்கலில் ஓர் ஓரம் போயிற்று. பட்டறைக்காரர் ரிலேயை இலவசமாக மாற்றித் தந்தார். ஆனால் 25 ஆம்பியர் ரிலேயை, அதன் சூட்டை வெளியேற்றும் சரியான ஹீட் சிங்க் தகடு இல்லாமல் மூடிய பெட்டிக்குள் வைத்தது அவர்கள் செய்த தவறு என்பதே என் கருத்து. நானே ரிச்சி தெருவில் 40 ஆம்பியர் ரிலேயும் பெரிய ஹீட் சிங்க்கும் வாங்கிப் பொருத்தினேன். கூடவே, 880 டிகிரியைத் தாண்டினால் மெயினையே அறுத்துவிடும் தனி கான்டாக்டர் ஒன்றையும் தனித் தெர்மோகப்பிளோடு வைத்துக்கொண்டேன். இந்த இரண்டாவது காவல் தொடக்கத்திலேயே சூளையோடு வந்திருக்க வேண்டும்.

இரண்டாவது குறை சிறியது, ஆனால் எரிச்சலூட்டுவது. ஃபைபர் போர்டின் மேற்பரப்பைக் கெட்டிப்படுத்தாமல் அப்படியே விட்டிருந்தார்கள். மூடியைத் திறந்து மூடும்போதெல்லாம் கண்ணுக்குத் தெரியாத தூசி விழுந்து, கறுப்புக் கண்ணாடியில் வெள்ளைப் புள்ளியாகப் பதிந்தது. ஒரு கறுப்புப் பதக்கத்தில் மட்டும் ஏழு புள்ளிகளை எண்ணினேன். ஃபைபரைக் கெட்டிப்படுத்தும் கொலாய்டல் சிலிக்கா திரவத்தை வாங்கி இரண்டு முறை பூசி, காயவைத்து, வெறும் சூளையைச் சூடேற்றியெடுத்த பிறகு அது நின்றது. அழகுக் குறையோடு இது நிற்பதில்லை: பல முறை சூடேறிய ஃபைபரின் தூசி நுரையீரலுக்கு நல்லதன்று. உட்புறத்தைத் தொடும் வேலை எதுவானாலும் என்95 முகக்கவசம் இல்லாமல் செய்வதில்லை.

ஐப்பசி, கார்த்திகை மழையில் இன்னொரு தொல்லை. ஒரு வாரம் சூளை போடாமல் இருந்தால் செங்கலும் ஃபைபரும் ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். மின்சாரம் கொடுத்தவுடன் சிறு மின்கசிவு ஏற்பட்டு, கசிவு வந்தால் மின்சாரத்தை அறுக்கும் வீட்டு ஆர்.சி.சி.பி. ஸ்விட்ச் விழுந்துவிடும். அதற்காக ஆர்.சி.சி.பி.யைக் கழற்றிவிடும் எலக்ட்ரீஷியன்களும் இருக்கிறார்கள். அந்தப் பேச்சுக்கே இடம் கொடுக்கக் கூடாது. மழைக்காலத்தில் சூளைக்குள் ஒரு 40 வாட் பல்பை இரவு முழுவதும் எரியவிட்டு, காலையில் 120 டிகிரியில் ஒரு மணி நேரம் காயவைத்துவிட்டுப் பிறகு வேலையைத் தொடங்கினால் விழுவதில்லை. பிளக்கும் கவனிக்க வேண்டிய ஒன்று. 10 ஆம்பியருக்குச் சற்று மேல் மணிக்கணக்கில் ஓடுவதால், சாதாரண 16 ஆம்பியர் பிளக்கின் ஒரு முனை இரண்டே மாதத்தில் பழுப்பேறிவிட்டது. இப்போது 4 சதுர மில்லிமீட்டர் ஒயரைத் தனியாக இழுத்து, இரும்பு உறை போட்ட தொழிற்சாலை வகை சாக்கெட் வைத்திருக்கிறேன்.

மின்செலவு நான் பயந்த அளவுக்கு இல்லை. பதக்கங்களுக்கான ஒரு சூளைக்குச் சுமார் 3 யூனிட், கிண்ணங்களை அச்சில் இறக்குவது உட்பட என்றால் 5 யூனிட். விற்பனைக்குச் செய்வதால் நான் தனி வணிக இணைப்பு வாங்கியிருக்கிறேன். பொழுதுபோக்காக வீட்டு இணைப்பில் செய்பவர்கள் இரண்டு மாதக் கணக்கு 500 யூனிட்டைத் தாண்டாமல் பார்த்துக்கொள்வது நல்லது; தாண்டினால் அதற்குக் கீழுள்ள யூனிட்டுகளுக்கும் சேர்த்துச் சலுகை குறையும்.

எந்தக் கண்ணாடிக்கு இது பொருந்துகிறது என்று கேட்பவர்களுக்கு: 90 வகை, 96 வகை இரண்டிலும் சிறு வேலைகள் குறையின்றி வருகின்றன. இரண்டையும் ஒரே துண்டில் கலக்கக் கூடாது என்பது இந்தக் கலையின் அரிச்சுவடி. ஒவ்வொன்றும் சூட்டில் விரிவதற்கு ஒரு கணக்கு உண்டு, அந்தக் கணக்கு பொருந்தாவிட்டால் எந்தச் சூளையாலும் காப்பாற்ற முடியாது. உடைந்த வளையல்களை ஜன்னல் கண்ணாடியில் பதித்து விற்கலாம் என்ற என் ஆரம்பகால யோசனை இதனால்தான் பாழாயிற்று. எடுத்த அன்று அழகாக இருந்த பன்னிரண்டு பதக்கங்களில் ஒன்பது, அடுத்த வெள்ளிக்கிழமைக்குள் வளையல் துண்டைச் சுற்றிப் பிறைபோல் விரிசல் விட்டன. நம் ஊரில் மலிவாகக் கிடைப்பது ஃப்ளோட் கண்ணாடி எனப்படும் ஜன்னல் கண்ணாடிதான். ஸ்ரீபெரும்புதூரிலேயே செயின்ட் கோபேன் ஆலை 2000ஆம் ஆண்டிலிருந்து அதை வார்த்து வருகிறது. உருகிய வெள்ளீயத்தின் மேல் மிதக்கவிட்டுச் செய்வதால் அதன் ஒரு முகத்தில் வெள்ளீயம் ஒட்டியிருக்கும். அச்சில் வளைக்கும்போது அந்த முகம் சாம்பல் பூத்ததுபோல் ஆகலாம். எந்தப் பக்கத்தை மேலே வைக்க வேண்டும் என்று பழகிக்கொண்டால், 820 டிகிரிக்கு மேல் விரைவாக ஏற வேண்டிய இந்தக் கண்ணாடிக்கு இந்தச் சூளை மிகவும் பொருத்தம்.

பட்டறையின் சேவையைப் பற்றி: தொலைபேசியில் பிடிப்பது கடினம், நேரில் போனால் உடனே கவனிக்கிறார்கள். கையேடு என்று எதுவும் தரவில்லை. கன்ட்ரோலருடன் வந்த நான்கு பக்கத் தாள் மட்டும்தான். மின்சுற்று வரைபடத்தைக் கேட்டதும் உரிமையாளர் ஒரு பழைய பில்லின் பின்பக்கத்தில் வரைந்து கொடுத்தார். ரிலே போன அன்று அந்தத் தாள்தான் உதவியது, ஆகவே அதை லேமினேட் செய்து சூளையின் பக்கவாட்டில் ஒட்டியிருக்கிறேன்.

காயில் இன்னும் முதலாவதே ஓடுகிறது. குவார்ட்ஸ் குழாய்களில் ஒன்று மட்டும் நடுவில் விரிசல் விட்டிருக்கிறது. அதை மாற்ற இருபது நிமிடம் ஆகும் என்றார்கள், இன்னும் போகவில்லை. மாற்றுக் காயில் ஒன்றைச் சுற்றி வாங்கிவந்து, மல்டிமீட்டரில் அளந்து, 22 ஓம் என்று காகிதத்தில் எழுதிக் கட்டி, கொட்டகை ஆணியில் தொங்கவிட்டிருக்கிறேன்.